பொன்னாடை வேண்டாம், பயிற்சியைத் தாருங்கள்

கம்பஸ் லீவுக்கு வீட்டை போயிருந்த நேரம் அம்மாவோடு வலயக் கல்விப் பணிமனைக்கு ஒருக்காப் போக வேண்டி வந்தது. அம்மாவின் தனிப்பட்ட கோவையில் ஏதோ ஒரு கடிதத்தைக் காணவில்லையாம். அடுத்த வருசம் அவவுக்கு 60. ஓய்வூதியத்துக்குக் கோவை சரியாக இருக்க வேணும். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், "அதுக்குரிய ஆள் இண்டைக்கு வெளியில கடமை, கொஞ்சம் இருங்கோ" என்ற வழமையான பதில். வாங்கில் இருந்தோம். போனிலும் சார்ஜ் இல்லை. அதனால் எதிரில் இருந்த அறிவித்தல் பலகையை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.

வருடாந்த இடமாற்றப் பட்டியல் ஐந்து பக்கம். சில பெயர்களுக்குக் கீழே யாரோ பேனையால் கோடு கீறியிருந்தார்கள். இலங்கை கல்வி நிர்வாக சேவைக்குத் தெரிவான ஒருவருக்கு வண்ணப் படத்தோடு வாழ்த்து. ஓய்வுபெறும் அதிகாரி ஒருவரின் சேவைநலன் பாராட்டு விழா, தலைக்கு எவ்வளவு காசு, யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற விபரம். நலன்புரிச் சங்கத்தின் சுற்றுலா. அந்தச் சுற்றுலா அறிவித்தலுக்குக் கீழே பாதி மறைந்தபடி ஒரு தாள் தெரிந்தது. மேல் தாளைத் தூக்கிப் பார்த்தேன். புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் செயலமர்வு. விண்ணப்ப முடிவுத் திகதி போய் ஒன்பது நாள்.

"அம்மா, இது உங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்ததோ?"

அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தா. "எங்களுக்கு வரேல்ல. வந்தாலும் ஆர் விடப்போகினம்?"

சொல்லிவிட்டுப் பழையபடி வாங்கில் போய் இருந்துவிட்டா. அவவுக்கு அதில் கோபம்கூட இல்லை. எனக்கு அந்தக் கோபமின்மைதான் பிரச்சினையாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எங்கள் கல்விப் பணிமனைகளுக்கு ஆசிரியர் என்பவர் இடமாற்றப்பட வேண்டிய, பதவி உயர்த்தப்பட வேண்டிய, கடைசியில் பொன்னாடை போர்த்தி அனுப்பப்பட வேண்டிய ஒரு ஆள். கற்க வேண்டிய ஒரு ஆளாக அவரை யாரும் நினைப்பதில்லை. பயிற்சி என்று ஒன்று நடந்தாலும் அது பிந்தி வருகிறது, தெரிந்த ஆட்களுக்கே போகிறது, சில நேரம் விளங்காத மொழியில் நடக்கிறது. இதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் கொடுத்திருக்கிறேன்.

சமவுயரக் கோடு

எனக்குப் பத்தாம், பதினோராம் வகுப்பில் புவியியல் படிப்பித்தது என்ர அம்மாதான்.

அம்மாவின் நியமனம் தமிழுக்கு. வன்னியில் தொண்டர் ஆசிரியராகத் தொடங்கி, பிறகு நிரந்தரமானவ. ஆனால் அது வகை 2 பாடசாலை, தரம் 1 இலிருந்து 11 வரை. ஆசிரியர் ஒன்பது பேர். இப்படியான பள்ளிக்கூடத்தில் நியமனப் பாடத்தை மட்டும் படிப்பிப்பது நடக்கிற காரியம் இல்லை. புவியியலுக்கு இருந்தவர் இடமாற்றத்தில் போனார். வெற்றிடத்துக்கு ஆள் வரவில்லை. அதிபர் நேரசூசியில் அம்மாவின் பெயரைப் போட்டார். அன்றிலிருந்து அம்மா புவியியல் ரீச்சர்.

காலநிலை, விவசாயம், குடித்தொகை எல்லாம் அவ நல்லாத்தான் படிப்பிப்பா. இரவிரவாக வாசித்துவிட்டு வருவா. ஆனால் 1:50,000 இடவிளக்கப் படம் வரும்போது மட்டும் வகுப்பின் சத்தம் மாறிவிடும். சமவுயரக் கோடுகள் வளைந்து வளைந்து போகும். எது பள்ளத்தாக்கு, எது முன்னே நீண்டிருக்கிற மலைச்சரிவு என்று கேட்டால், "கோடு நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சாய்வு, இதைப் பாடமாக்குங்கோ, மிச்சத்தை ரியூசனில பாருங்கோ" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவா. எங்கள் ஊரில் ரியூசன் என்பதே பதினைந்து கிலோமீற்றர் தள்ளி. அதுக்கும் எல்லாரும் போகவில்லை.

வன்னிப் பிள்ளைக்கு ஏறிப் பார்க்க ஒரு மலை கிடையாது. குளக்கட்டுத்தான் எங்கட உயரம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மலைநாட்டின் படத்தைக் கையில் கொடுத்து இதில் பள்ளத்தாக்கைக் காட்டு என்றால், படத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். அந்த இடத்தில் நின்றவவுக்கு அதை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் படவேலைக் கேள்வியை நான் ஊகித்துத்தான் எழுதினேன். என்னோடு எழுதியவர்களில் சிலர் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

பிறகு கம்பஸ் வந்து முதலாம் வருசம் புவியியல் எடுத்தேன். செய்முறை வகுப்பில் ஒருவர் ஒரு உருளைக்கிழங்கோடு வந்தார். பாதியாக வெட்டி, வெட்டுமுகம் கீழே இருக்க மேசையில் வைத்தார். கிடையாக ஒரே தடிப்பில் துண்டு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டையும் ஒரே தாளில், ஒரே இடத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறினார். தாளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் வந்தன. உருளைக்கிழங்கில் ஒரு பக்கம் சரிவு கூட, அங்கே கோடுகள் நெருங்கியிருந்தன. மற்றப் பக்கம் சாய்வு குறைவு, அங்கே விலகியிருந்தன. இன்னொரு கிழங்கின் பக்கத்தில் ஒரு பள்ளத்தைக் குடைந்துவிட்டுத் திரும்பக் கீறினார். கோடுகள் உயரமான பக்கத்தை நோக்கி உள்ளே மடிந்தன. அதுதான் பள்ளத்தாக்கு. பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

நான் அங்கே சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. என்ர அம்மா இதைக் கற்க முடியாத ஆள் இல்லை. அவவுக்கு யாரும் ஒரு உருளைக்கிழங்கை வெட்டிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கடிதம் எங்கே சுணங்குகிறது

நாட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்பாடே இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. கடுதாசியில் எல்லாம் இருக்கிறது. 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய கல்வி நிறுவகம் மஹரகமவில் இருக்கிறது. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் அங்கேதான் தயாராகின்றன. மூன்று வருசப் பயிற்சி கொடுக்கிற தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. ஆசிரியர் கலாசாலைகள் இருக்கின்றன. வலயங்களில் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் மத்திய நிலையம் என்று கட்டடங்கள் இருக்கின்றன. பாடசாலை மட்டத்தில் ஆசிரியர்கள் தங்களுக்குள் கூடிக் கற்பதற்கும் ஒரு திட்டம் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் ஒரு பயிற்சி எப்படி ஆசிரியரிடம் வந்து சேர்கிறது? 1987 இன் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றப் பாடசாலைகளை மாகாணங்கள் பார்க்கின்றன. ஆகவே மஹரகமவிலோ அமைச்சிலோ ஒரு பயிற்சி தீர்மானிக்கப்பட்டால் அது மாகாணத்துக்குப் போய், வலயத்துக்கு வந்து, கோட்டத்துக்கு இறங்கி, அதிபரின் மேசைக்கு வந்து, அங்கிருந்து ஓய்வறைக்கு வர வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு நாள் படுத்தால் போதும், முடிவுத் திகதி போய்விடும். இதற்கு ஒருவரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அவரவர் வழமைபோல வேலை செய்தாலே போதும்.

ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. இதே பாதையால்தான் இடமாற்றக் கடிதமும் வருகிறது. அது சுணங்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை. "உடனடியாகக் கடமையைப் பொறுப்பேற்கவும்" என்று போனிலும் சொல்வார்கள், வட்ஸ்அப்பிலும் போடுவார்கள். பிரமுகர் ஒருவர் வருகிறார், வரவேற்க இத்தனை பிள்ளைகளைப் பான்ட் வாத்தியத்தோடு அனுப்புங்கோ என்கிற செய்தி அரை மணித்தியாலத்தில் வந்து சேரும். ஆக, வேகமாக அனுப்ப இவர்களுக்குத் தெரியும். எதை வேகமாக அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்தது, யார் போவது. வலயத்துக்கு இரண்டு இடம் என்று வந்தால், பணிமனைக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்து ஆட்களுக்கு முதலில் தெரியவரும். போன வருசம் போனவரே இந்த வருசமும் போவார், "அவர் பழக்கப்பட்ட ஆள்" என்று ஒரு காரணம் சொல்லப்படும். எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. கேட்டவருக்குத்தான் ஒரு பெயர் வரும்.

சின்னப் பள்ளிக்கூடத்து அதிபரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது பேரில் ஒருவர் மூன்று நாள் போனால் மூன்று வகுப்பு சும்மா இருக்கும். அதிபரே சோக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். "ரீச்சர், அடுத்த முறை பாப்பம்" என்று அவர் சொல்வது கல்நெஞ்சால் இல்லை. பதிலாள் இல்லாமல் பயிற்சி நடத்துகிற ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவர்தான் கடைசியாகப் போவார். ஆள் நிறைந்த பள்ளிக்கூடம் ஆளை அனுப்பும். ஆள் இல்லாத பள்ளிக்கூடம் அனுப்பாது. ஆள் இல்லாத பள்ளிக்கூடத்தில்தான் தமிழ் ரீச்சர் புவியியல் படிப்பிக்கிறா.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை தமிழும் அரசகரும மொழி என்கிறது. அம்மா ஒருமுறை அதிசயமாக ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தா. எப்படி என்று கேட்டேன். "ஸ்லைட் எல்லாம் சிங்களம். ஒரு சேர் இடையில இடையில தமிழில சொன்னவர். சாப்பாடு நல்லம்" என்றா. சிங்கள மொழியில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கற்க விருப்பம். ஆனால் தமிழில் படிப்பிக்கிற ஒருவருக்கு, தமிழில் எழுதப்பட்ட புத்தகத்தை எப்படிப் படிப்பிப்பது என்று சிங்கள ஸ்லைட்டில் காட்டினால், அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. வரவுப் பதிவேட்டில் ஒரு ஒப்பம்.

மலையகத்தில் நடந்தது

இது வடக்கின் கதை மட்டும் என்று நினைத்தால் பிழை. எங்கள் பற்ச்சில் மலையக நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊர்களில் 2014 ஐ ஒட்டிய வருசங்களில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு "ஆசிரியர் உதவியாளர்" என்ற பெயரில் ஒரு பெரிய ஆட்சேர்ப்பு நடந்தது. உயர்தரம் முடித்த இளம் ஆட்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. போராட்டங்களுக்குப் பிறகு அது 10,000 ஆனது. கலாசாலைக்குப் போய்ப் பயிற்சியை முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்படுவார்கள்.

இதில் இருக்கிற அநியாயத்தை யோசித்துப் பாருங்கோ. வகுப்பறைக்குள் அவர்கள் முழு ஆசிரியர்கள். முழு நேரசூசி, முழுப் பொறுப்பு. சம்பளச் சீட்டில் மட்டும் உதவியாளர். எந்தப் பயிற்சி கிடைக்காததால் அவர்கள் அரை ஆளாகக் கணக்கிடப்பட்டார்களோ, அந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டியதும் அதே அரசுதான். கற்கும் வாய்ப்பை உரிமையாகக் கொடுக்காமல், சம்பளத்தைக் குறைத்து வைத்திருக்க ஒரு சாட்டாகவும் அதைப் பாவிக்கலாம் என்று எங்களுக்குக் காட்டிய சம்பவம் அது. தோட்டத்தில் ஏற்கெனவே பின்தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு, பின்தள்ளப்பட்ட ஆசிரியர்களை அனுப்பிவிட்டு, பெறுபேறு ஏன் குறைவு என்று பிறகு ஒரு ஆய்வு செய்வார்கள்.

"ரீச்சர்மாருக்கே விருப்பம் இல்லை"

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் எனக்குத் தெரியும். செமினார் வைத்தாலும் வர மாட்டினம். வந்தாலும் பின்வாங்கில் இருந்து போன் பார்ப்பினம். தேத்தண்ணியும் ரோல்ஸும் முடிய ஒப்பம் வைச்சிட்டுப் போயிடுவினம். ரியூசன் காசில கண்.

இதில் பொய் இல்லை. அப்படியான ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் படித்தும் இருக்கிறேன். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று கேட்க வேண்டாமா? ஆசிரியர் சேவையில் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு உயர சில தகைமைகளையும் பயிற்சிகளையும் முடிக்க வேண்டும். பதவி உயர்வுக்குச் சேர்டிபிக்கற் வேணும், கோவைக்குள் அது இருந்தால் போதும். பயிற்சியால் வகுப்பறையில் ஏதாவது மாறியதா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. மேற்பார்வைக்கு வருகிறவர் பாடக்குறிப்புக் கொப்பியில் சிவப்புப் பேனையால் சரி போட்டுவிட்டுப் போகிறார். ஒப்பத்தை மட்டும் கேட்கிற ஒரு ஏற்பாடு ஒப்பம் மட்டும் வைக்கிற ஆட்களைத்தான் உண்டாக்கும். எங்களையும் அப்படித்தான் உண்டாக்குது. எண்பது வீத வரவுக்காக லெக்சருக்குப் போய்ப் பின்வாங்கில் இருக்கிற எங்களுக்கு ரீச்சர்மாரைப் பார்த்துச் சிரிக்க என்ன தகுதி?

இன்னொன்று. உள்ளூரில் ஆட்கள் கற்கவில்லை என்று சொல்கிறவர்கள், சொந்தக் காசில் கற்கிறவர்களைப் பார்ப்பதில்லை. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குக் கட்டணம் கட்டி, கிழமை முழுவதும் படிப்பித்துவிட்டுச் சனி ஞாயிறு பஸ்ஸில் தூங்கித் தூங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை பேர் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிற பெண்கள்? விருப்பம் இல்லாதவர்கள் இப்படி அலைவார்களா?

காசு இல்லை என்பது அடுத்த பதில். நாடு வங்குரோத்தானது எங்களுக்கும் தெரியும், 2022 இல் மெழுகுதிரியில் படித்த பற்ச் நாங்கள். ஆனால் நான் கேட்கிறதில் பாதிக்குக் காசே தேவையில்லை. ஒரு அறிவித்தலை நேரத்துக்கு ஒட்டுவதற்கு என்ன செலவு? ஒரு உருளைக்கிழங்கு என்ன விலை?

மூன்றாவது பதில் போர். எங்கட இடத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அம்மா படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் மரத்தின் கீழும் வகுப்பு நடந்தது, பங்கருக்குப் பக்கத்திலும் நடந்தது. அப்போது பயிற்சி கிடைக்கவில்லை என்றால் விளங்குகிறது. 2009 இல் போர் முடிந்தது. அன்று முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று கம்பஸ் வயதுக்கு வந்துவிட்டது. இன்னும் போரைச் சாட்டுகிறவர் தன்ர மேசையைத்தான் மறைக்கிறார்.

எங்கள் பக்கத்துப் பிழை

இப்போது கொஞ்சம் எங்களைப் பற்றி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

2021 இல் ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டுக்காக ஒரு பெரிய போராட்டம் நடந்தது. இணையவழிக் கற்பித்தலை விட்டு மாதக்கணக்கில் விலகி நின்றார்கள். அது நியாயமான போராட்டம். இருபது வருசத்துக்கு மேல் இழுபட்ட முரண்பாடு. அம்மாவும் அதில் நின்றவ, நானும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிப்பேன். வேலையில்லாப் பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் கொட்டகை போட்டு இருந்தபோதும் எங்களில் பலர் போய்ப் பக்கத்தில் இருந்தோம்.

ஆனால் இந்தப் பதாகைகளைத் திரும்ப ஒருக்கா நினைத்துப் பாருங்கோ. சம்பளம் தா. நியமனம் தா. சொந்த மாவட்டத்தில் தா. இடமாற்றத்தை நிறுத்து. "எங்களுக்குப் படிப்பிக்கப் பழக்கு" என்று ஒரு பதாகையை நான் இதுவரை காணவில்லை. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் அது இருந்தாலும் பதினொன்றாவது, பன்னிரண்டாவது இடத்தில், விட்டுக் கொடுப்பதற்காகவே வைத்த இடத்தில் இருக்கும்.

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களில் எத்தனை பேர் கடைசியில் ஆசிரியர் ஆகப்போகிறோம்? வெளிப்படையாகச் சொன்னால், பாதிப் பேருக்கு மேல் அந்த எண்ணத்தோடுதான் இருக்கிறம், வாயால் சொல்லாவிட்டாலும். கல்வியியற் கல்லூரிக்குப் போகிறவர் மூன்று வருசம் பயிற்சி பெறுகிறார், அதில் ஒரு வருசம் பாடசாலையில் நின்று பழகுகிறார். நாங்கள்? பட்டத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நேரே நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்கப்போகிறோம். பலர் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டு, ஆசிரியரும் இல்லாமல் எழுதுவினைஞரும் இல்லாமல் வருசக்கணக்கில் இழுபட்டதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறோம். பட்டம் இருந்தால் படிப்பிக்க வரும் என்று நாங்களும் நம்புகிறோம், அரசும் நம்புகிறது. இரண்டு பேருக்கும் அது வசதி. பிள்ளைகளுக்கு மட்டும்தான் வசதியில்லை.

இந்த அவசரம் இப்போது இன்னும் கூட. 2026 இலிருந்து தரம் 1 இலும் தரம் 6 இலும் புதிய கலைத்திட்டம் என்று 2025 இல் அறிவித்தார்கள். தொகுதி முறை, செயற்பாடு, பரீட்சைச் சுமையைக் குறைத்தல் என்று நல்ல சொற்கள். இதற்கு முதல் 2007 இலும் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் என்று நல்ல சொற்கள் வந்தன. ஆசிரியர் வழிகாட்டியில் செயற்பாடு என்று இருந்தது. வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் கொப்பியில் பார்த்தெழுதுவதுதான் நடந்தது. மேலே சிலருக்குப் பயிற்சி, அவர்கள் கீழே சிலருக்கு, அவர்கள் இன்னும் கீழே என்று இறக்கும்போது ஐந்து நாள் பயிற்சி கடைசி ஆளிடம் அரை நாளாக வந்து சேர்கிறது. கடைசி ஆள் யாரென்றால் வகை 2 பாடசாலையில் மூன்று பாடம் எடுக்கிற ஒரு ரீச்சர். சீர்திருத்தம் வெல்லுமா தோற்குமா என்பது கொழும்பில் நடக்கிற ஊடகச் சந்திப்பில் தீர்மானமாகாது. அவவின் கையில்தான் தீர்மானமாகும்.

என்ன கேட்கலாம்

பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து விசயம்.

ஒன்று, வருசத் தொடக்கத்திலேயே அந்த வருசத்தில் நடக்கப்போகும் பயிற்சிகளின் நாட்காட்டியை ஒவ்வொரு வலயமும் ஒட்ட வேண்டும், ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்ப வேண்டும். சுற்றுலாத் தாளுக்குக் கீழே இல்லாமல்.

இரண்டு, யார் யார் தெரிவானார்கள், எந்த அடிப்படையில் என்று பெயர்ப்பட்டியல் போட வேண்டும். இடமாற்றத்துக்கு ஐந்து பக்கம் அச்சடிக்க முடியுமென்றால் இதற்கு ஒரு பக்கம் முடியும். நியமனப் பாடம் அல்லாத பாடத்தைப் படிப்பிக்கிறவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும்.

மூன்று, சின்னப் பாடசாலையிலிருந்து ஒருவர் போனால் அந்த நாட்களுக்குப் பதிலாள் ஒருவரைக் கோட்டம் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் பயிற்சியே அந்தப் பாடசாலைக் கொத்தணிக்கு வர வேண்டும். ஆசிரிய ஆலோசகர் வந்து கொப்பிக்குச் சரி போடுகிற நேரத்தில் ஒரு பாடத்தைப் படிப்பித்துக் காட்டலாம்.

நான்கு, தமிழ்மொழி மூல ஆசிரியருக்கான பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். இது சலுகை இல்லை, சட்டம்.

ஐந்து, எங்களுக்கு. ஆசிரியர் தொழிலை நினைத்திருக்கிற கலைப்பீட மாணவர்களுக்குப் படிக்கும் காலத்திலேயே ஒரு தவணையாவது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நின்று பழக வாய்ப்பு வேண்டும். மாணவர் ஒன்றியத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கோ.

இதைக் கேட்பதற்கு ஒரு வழியும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் ஒரு வலயத்திடம் கேட்கலாம்: கடந்த மூன்று வருசத்தில் எத்தனை பயிற்சி, எத்தனை பேர், எந்தப் பாடசாலைகளிலிருந்து, எந்த மொழியில்? விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கேட்டால் இடமாற்றம் வரும் என்று பயப்படுவார். எங்களுக்கு இடமாற்றம் இல்லை. எங்களுக்கு இருக்கிற ஒரேயொரு வசதி அதுதான், அதையும் நியமனக் கடிதம் கையில் வரும்வரைதான் பாவிக்கலாம். நான் என் ஊர் வலயத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வலயத்துக்கு நீங்கள் எழுதுங்கோ.

அன்று பணிமனையில் அம்மாவின் கடிதம் கிடைக்கவில்லை. வாற கிழமை வரச் சொன்னார்கள். வீட்டை வந்து இரவுச் சமையலுக்கு அம்மா கிழங்கு எடுக்க, நான் ஒன்றை வாங்கி வெட்டிக் காட்டினேன். பாதியாக, பிறகு துண்டு துண்டாக, தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி. அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றா. பள்ளத்தைக் குடைந்து கோடு உள்ளே மடிந்தபோது தாளைத் தன் பக்கம் இழுத்து இன்னொருக்காத் தானே கீறிப் பார்த்தா. கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டா: "இவ்வளவுதானோடா?"

அடுத்த திங்கட்கிழமை பையில் நாலு உருளைக்கிழங்கோடு பள்ளிக்கூடம் போனா. அடுத்த வருசம் அவவுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், பலகையில் ஒட்டுவார்கள். அவவிடம் அதுவரைக்கும் படவேலை படித்து எழுதாமல் விட்ட பிள்ளைகளின் பெயரை ஒட்ட அந்தப் பலகையில் இடம் இருக்காது.